மறு கன்னம் யாருடையது?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் என் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். தப்பாகப் புரிந்துகொண்டு பதில் சொல்லிவிடக் கூடாது. பெரம்பூர் பக்கம் வீடு. வாசலில் பைக் நிறுத்தியதில் தகராறு. பக்கத்து வீட்டுப் பையன் உங்கள் அண்ணனைத் தெருவே பார்க்கச் செருப்பால் அடித்துவிட்டான். நண்பர்கள் வருகிற சனிக்கிழமை ராத்திரிக்கு 'ஸ்கெட்ச்' போட்டு வைத்திருக்கிறார்கள். அம்மா, "இயேசப்பா பாத்துக்குவாரு, விட்டுடு" என்கிறார். போதகர் மறு கன்னத்தைக் காட்டச் சொல்லி, ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார். 'கிறிஸ்தவன் திருப்பி அடிக்கக் கூடாதா? இயேசுவே சாட்டை எடுத்தவர்தானே?' என்று கேட்டிருக்கிறீர்கள். வசனத்துக்கு அர்த்தம் கேட்பது போல இருந்தாலும், உள்ளே இருக்கிற கேள்வி வேறு என்று நினைக்கிறேன். அடிக்காமல் விட்டால் நாங்கள் ரோஷம் கெட்ட குடும்பமா, அந்த ரோஷக்கேட்டைத்தான் ஆண்டவர் எங்களிடம் கேட்கிறாரா என்பதுதானே அது? அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் இறையியல் படித்து, 31 வருஷம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில், பெரும்பாலும் வடசென்னையில், ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன். வக்கீல் இல்லை. ஆனால் சேகரத்தில், அதாவது ஆயரின் பொறுப்பில் இருக்கிற சபைப் பகுதியில், அடிதடி என்றால் ஸ்டேஷனுக்கும் ஜி.எச்.சுக்கும் துணைக்குக் கூப்பிடுவது ஆயரைத்தான். அந்த வகையில் எனக்கு இந்த விஷயம் பழக்கம்.

அந்த வசனம் மத்தேயு 5:39. நம் பழைய மொழிபெயர்ப்பில் இப்படி இருக்கிறது: "நான் உங்களுக்குச் சொல்லுகிறேன், தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம், ஒருவன் உன்னை வலது கன்னத்தில் அறைந்தால், அவனுக்கு மறு கன்னத்தையும் திருப்பிக்கொடு." 'உங்களுக்கு' என்று ஆரம்பித்தவர் 'உன்னை' என்று மாறுகிறார், கவனித்தீர்களா? கிரேக்க மூலத்திலும் அப்படித்தான். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அதில் படிப்பவர்கள் இதைத் தவறவிட்டுவிடுவார்கள். தமிழில் படிக்கிற நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. மலையில் கூட்டத்தைப் பார்த்து, மலைப் பிரசங்கம் என்கிறோமே, அதைப் பேசிக்கொண்டிருந்தவர், கன்னம் என்று வந்ததும் அடிபட்ட ஒருவனைத் தனியாகப் பார்த்துப் பேசுகிறார். இதற்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

அடுத்தது 'வலது' என்கிற சொல். எதிரில் ஆள் நிற்பதாக நினைத்து, வலது கையால் அவருடைய வலது கன்னத்தில் அறைந்து பாருங்கள், காற்றில்தான். உள்ளங்கை அங்கே போகாது, புறங்கைதான் போகும். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இதற்குக் கணக்கே இருக்கிறது: ஒருவனை அறைந்தால் அபராதம் 200 சூஸ் (அக்காலத்து வெள்ளிக் காசு), புறங்கையால் அறைந்தால் 400. வலி குறைந்த அடிக்கு இரட்டை அபராதம், ஏனென்றால் அது உடம்புக்கு விழுந்த அடி இல்லை, மானத்துக்கு விழுந்த அடி. நம் ஊரில் செருப்பை எடுப்பவனும் எலும்பை உடைக்கவா எடுக்கிறான்? எலும்பை உடைக்க வேண்டும் என்றால் கட்டை இருக்கிறது, கல் இருக்கிறது. 'நீ எனக்குக் கீழே' என்று தெருவுக்கு அறிவிக்கத்தான் செருப்பு. ஆக, உங்கள் அண்ணனுக்கு நடந்ததும் அந்த வசனம் பேசுவதும் ஒரே ரகம்.

இதிலிருந்து ஒரு விளக்கம் இப்போது பிரபலம். மறு கன்னத்தைக் காட்டுவது என்றால், 'அடிப்பதானால் சரிசமமானவனை அடிப்பது போல உள்ளங்கையால் அடி' என்று நிமிர்ந்து நிற்பது, அது பணிவு இல்லை, சவால் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவமானத்தைப் பற்றிய பேச்சு என்பது வரைக்கும்தான் உறுதி. சவால் என்பது ஊகம். லூக்கா 6:29 இதே போதனையைச் சொல்லும்போது 'வலது' என்கிற சொல்லே இல்லை. அதனால் பிரசங்க பீடத்தில் இதை நிரூபிக்கப்பட்ட விஷயம் போல அடித்துச் சொல்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். நானே பல வருஷம் அப்படி அடித்துச் சொன்னவன்தான்.

ஊகம் தேவைப்படாத இடம் ஒன்று இருக்கிறது. இயேசுவையே ஒருவன் அறைந்திருக்கிறான். யோவான் 18-ல், பிரதான ஆசாரியன் முன்னால் விசாரணை நடக்கும்போது ஒரு சேவகன் அறைகிறான். அவர் மறு கன்னத்தைக் காட்டவில்லை, திருப்பி அடிக்கவுமில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். கை ஓங்காமல், வாயையும் மூடிக்கொள்ளாமல், என்ன காரணத்துக்கு அடித்தாய் என்று எல்லார் முன்னிலையிலும் கணக்குக் கேட்டார். இயேசுவைப் பற்றி ஊர் ஊராகப் பிரசங்கித்த பவுலும் இப்படித்தான். பிலிப்பி பட்டணத்தில் விசாரணையே இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் சத்தமில்லாமல் போகச் சொல்லி அதிகாரிகள் ஆள் அனுப்புகிறார்கள். பவுல் நகரவில்லை. ரோமக் குடிமக்களான எங்களை எல்லாருக்கும் முன்பாக அடித்தவர்கள், இப்போது ரகசியமாக அனுப்பப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்கிறார் (அப்போஸ்தலர் 16). அதிகாரிகள் பயந்துபோய் நேரில் வந்தார்கள். திருப்பி அடிக்காதது ஒன்று, பேசாமல் முழுங்கிக்கொள்வது வேறொன்று. நம் சபைகளில் இந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கிவிட்டோம். உங்கள் குழப்பம் பாதி அங்கிருந்து வந்தது.

நீங்கள் கேட்ட சாட்டை, அதோடு சேர்த்து வழக்கமாகக் கேட்கப்படுகிற பட்டயம் (பைபிள் தமிழில் வாள்) இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். எருசலேம் ஆலயத்திலிருந்து வியாபாரிகளைத் துரத்தியபோது இயேசு கயிற்றால் சாட்டை பண்ணினார் என்று சொல்வது யோவான் ஒருவர்தான். ஆடும் மாடும் நின்ற இடம் அது. சாட்டை ஒரு மனிதன் மேல் விழுந்ததாக எழுதவில்லை. கோபம் இருந்தது, மேசைகள் கவிழ்ந்தன, அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் அதை வைத்துச் சனிக்கிழமை ராத்திரிக்கு அனுமதிச் சீட்டு எழுத முடியாது. 'சமாதானத்தையல்ல, பட்டயத்தையே அனுப்ப வந்தேன்' என்பது மத்தேயு 10. அதே பேச்சு லூக்கா 12-ல் வரும்போது பட்டயம் இருக்க வேண்டிய இடத்தில் 'பிரிவினை' என்றே இருக்கிறது. அவரைப் பின்பற்றினால் வீட்டுக்குள்ளேயே பகை வரும் என்ற எச்சரிக்கை அது. வஸ்திரத்தை விற்றாவது பட்டயம் வாங்கு என்கிற லூக்கா 22 மட்டும் இன்றைக்கும் எனக்கு முழுசாகப் பிடிபடாத இடம். சீஷர்கள் இரண்டு பட்டயம் இருக்கிறது என்றதும் "போதும்" என்கிறார். இரண்டு பட்டயத்தை வைத்துக்கொண்டு எந்தப் படையை எதிர்ப்பது? அன்றைக்கு ராத்திரியே பேதுரு அதில் ஒன்றை உருவி மல்குஸ் என்கிற வேலைக்காரனுடைய காதை வெட்டினான். இயேசு பட்டயத்தை உறையில் போடச் சொன்னார், காதைத் தொட்டுக் குணமாக்கினார். நான்கு சுவிசேஷத்திலும் அவருக்காக ஒருவன் ஆயுதம் எடுத்துத் தாக்கியது அந்த ஒரு தடவைதான். அதையும் அவரே சரிபண்ண வேண்டியதாகிவிட்டது.

பிற்காலத்தில் திருச்சபை இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதில் ஒரே பதில் கிடையாது. முதல் மூன்று நூற்றாண்டுகளின் எழுத்தாளர்களில், போரில் கொல்வது கிறிஸ்தவனுக்குத் தகும் என்று எழுதியவர் எவரும் நம் கைக்கு வந்து சேரவில்லை. பேதுருவின் பட்டயத்தை வாங்கியபோதே ஆண்டவர் எல்லாப் போர்வீரனுடைய இடைவாரையும் அவிழ்த்துவிட்டார் என்று அந்தக் காலத்துத் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதினார். அதே காலத்தில் ரோமப் படையில் கிறிஸ்தவர்கள் இருந்ததும் உண்மை. எழுத்தும் நடப்பும் வேறு வேறாக இருப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. கி.பி. 313-ல் ரோமப் பேரரசு கிறிஸ்தவத்தை அனுமதித்து, பிறகு பேரரசே அதன் பக்கம் சாய்ந்ததும், நியாயமான போர் உண்டா என்ற கேள்வி வந்தது. பேராயரும் இறையியலாளருமான அகஸ்டின் உண்டு என்றார். 'அகஸ்டினே சொல்லிவிட்டார்' என்று வாதாட வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: அரசாங்கத்தின் கையில் வாளைக் கொடுத்த அதே அகஸ்டின், தனி ஆள் தன் உயிரைக் காத்துக்கொள்ள இன்னொருவனைக் கொல்வதை ஒப்புக்கொள்ளவில்லை. 13-ம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ்தான் தற்காப்புக்கு இடம் கொடுத்தார், அதுவும் தேவைக்கு மேல் பலம் காட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு.

அந்த நிபந்தனை நம் ஊர்ச் சட்டத்திலும் இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, அரசு அதிகாரிகளிடம் போக நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது என்கிறது பிரிவு 37. செருப்பு ஓங்கியபோது அண்ணன் அவன் கையைப் பிடித்து முறுக்கியிருந்தால் அது தற்காப்பு. நாள் குறித்து, ஆள் சேர்த்து, இருட்டில் போவதற்கு மலைப் பிரசங்கத்திலும் இடம் இல்லை, அக்குவினாஸிடமும் இல்லை, நியாய சன்ஹிதாவிலும் இல்லை. ஐந்து பேர் சேர்ந்து போனால் அது சட்டவிரோதக் கூட்டம். அடித்தது ஒருவன் என்றாலும் வழக்கு எல்லார் மேலும் வரும். உங்கள் நண்பர்கள் கூட்டத்தில் அரசு வேலைக்குப் படிக்கிறவன் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது 'உன்னை' என்ற அந்த ஒருமைக்குத் திரும்பி வருகிறேன். எனக்கு இது புத்தகத்தில் புரியவில்லை, தப்பு செய்து புரிந்தது. ஆயராகி மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ, ஒரு அம்மா வந்தார். புருஷன் குடித்துவிட்டு வந்து தினமும் அடி. அன்றைக்குக் கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. நான் மறு கன்னத்தைப் பற்றிப் பேசினேன், பேதுருவின் நிருபத்திலிருந்து பொறுமையைப் பற்றி வாசித்தேன், ஜெபம் பண்ணினேன். "சரிங்க ஐயா" என்று போனார். அடுத்த முறை அவரைப் பார்த்தது ஆஸ்பத்திரியில், கை உடைந்த நிலையில். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, பிற்பாடு தங்கை வீட்டோடு போய்ப் பிழைத்துக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. நான் செய்தது என்ன? என் கன்னம் பத்திரமாக இருக்க, இன்னொருவர் கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அதிகாரத்தை ஆண்டவர் எனக்குக் கொடுக்கவே இல்லை. 'உன்னை அறைந்தால்' என்றார். 'அவளை அறைந்தால் அவளுக்கு உபதேசம் பண்ணு' என்று சொல்லவில்லை. இன்றைக்கு அப்படி ஒருவர் வந்தால் முதலில் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடச் சொல்வேன். 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, தங்க இடம் கேட்கலாம், பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். மன்னிப்பு என்ற சொல்லை அவர் எடுக்கும் வரை நான் எடுக்கமாட்டேன்.

அடிபட்டவரே அதைத் தேர்ந்தெடுத்தால் எப்படி இருக்கும் என்பதையும் நம் நாடு பார்த்திருக்கிறது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளிகளிடையே வேலை செய்துவந்த கிரஹாம் ஸ்டெயின்ஸையும், வண்டிக்குள் அவரோடு தூங்கிக்கொண்டிருந்த 10 வயது பிலிப், 6 வயது திமோத்தேயு என்ற இரண்டு மகன்களையும் சேர்த்து எரித்தார்கள். மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். உடனே ஊரைவிட்டுப் போகவுமில்லை, அதே வேலையை வருஷக்கணக்கில் தொடர்ந்தார். ஆனால் அவர் மன்னித்ததால் வழக்கு நின்றுவிடவில்லை. தூக்குத் தண்டனை உயர் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனையாகி, 2011-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மன்னிப்பு அவருடையது, தீர்ப்பு நீதிமன்றத்தினுடையது. ஒன்று இன்னொன்றைத் தடுக்கவில்லை. அவருக்குப் பதிலாக வேறு யாராவது, எந்தப் பேராயரோ எந்த மந்திரியோ, 'நாங்கள் மன்னித்துவிட்டோம்' என்று சொல்லியிருந்தால் காது கூசியிருக்கும்.

எல்லாக் கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது என்று சொல்லமாட்டேன். கண் முன்னால் ஒரு குழந்தையை ஒருவன் அடித்துக்கொண்டிருந்தால் நான் குறுக்கே விழுவேன், தள்ளுவேன், தேவைப்பட்டால் அடிக்கவும் செய்வேன். பிற்பாடு பாவ அறிக்கை பண்ணுவேனா என்று கேட்டால், பண்ணுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஜெர்மனியில் பொன்ஹோஃபர் என்ற போதகர், காந்தியைப் பார்த்து அகிம்சை கற்க இந்தியா வரவே திட்டம் வைத்திருந்தவர், கடைசியில் ஹிட்லருக்கு எதிரான சதியில் சேர்ந்து 1945 ஏப்ரல் 9-ல் தூக்கில் ஏறினார். அவர் செய்தது சரியா என்று முப்பது வருஷமாக யோசிக்கிறேன், முடிவுக்கு வரவில்லை. ஆனால் பைக் நிறுத்தும் இடம் ஹிட்லர் விவகாரம் இல்லை. இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன்: அந்தச் செருப்புக்குப் பின்னால் சாதி இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. இருந்தால், 'சமாதானமாப் போங்கப்பா' என்று சொல்ல வருகிறவர் எந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார் என்று முதலில் பாருங்கள்.

நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1919 மார்ச்சில் காந்தி சென்னை வந்து, கதீட்ரல் சாலையில் ராஜாஜி இருந்த வீட்டில் தங்கியிருந்தார். விசாரணையில்லாமல் சிறையில் வைக்க இடம் கொடுத்த ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடு முழுக்கக் கடையடைத்து உபவாசம் இருக்கலாம் என்ற யோசனை அங்கேதான் ஒரு விடிகாலையில், கனவு போல, தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார். மலைப் பிரசங்கம் தன்னை நேராக நெஞ்சில் தொட்டது என்று சொன்ன மனிதர். ஏப்ரலில் நாடு எழுந்தது. ஆமதாபாத் உட்படச் சில இடங்களில் கலவரமும் எழுந்தது. பழக்கப்படாத மக்களை அவசரப்பட்டு இறக்கிவிட்டேன், இமாலயத் தவறு என்று ஒப்புக்கொண்டார். அடிக்கத் தெரியாததால் அடிக்காமல் இருப்பது சமாதானம் இல்லை. அடிக்கக் கை துடிக்கும்போது நிறுத்துவது வேறு, அதற்குப் பழக்கம் வேண்டும்.

அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில்தான் 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அடுத்த சில வருஷங்களில் வந்த நம் ஆராதனை முறையில், திருவிருந்துக்கு முன்னால் ஒருவர் கைகளை இன்னொருவர் கைகளுக்குள் வைத்துச் சமாதானம் பகிர்வதைச் சேர்த்தார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்த வழக்கம். நாம் அதை அரை நிமிஷச் சடங்காக்கிவிட்டோம். என் சபை ஒன்றில் சுவர்த் தகராறில் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இருவர் ஒரே வரிசையில் உட்காருவார்கள், நடுவில் ஒரு தூண். சமாதானம் வரும்போது அண்ணன் தூணைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். நாலு வருஷம். நான் ஒருநாளும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, அதற்குள் அந்த அம்மா விஷயம் எனக்குப் புத்தி கற்பித்திருந்தது. ஒரு பெரிய வெள்ளிக்கு முந்தின ஞாயிறு, குருத்தோலையைக் கையில் வைத்துக்கொண்டே அண்ணன் தூணைச் சுற்றி நடந்து போனார். சுவர் வழக்கு அதற்குப் பிறகும் கோர்ட்டில் நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்களுக்கு இந்த வாரம் செய்ய வேலை இருக்கிறது. அண்ணனுக்குக் காயம் இருந்தால் ஜி.எச்.சில் காட்டி ஏ.ஆர். காப்பி (காயத்தைப் பதிவு செய்யும் ஆஸ்பத்திரிச் சீட்டு) போடச் சொல்லுங்கள். ஸ்டேஷனில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். சனிக்கிழமை நீங்கள் போய் அடித்தால் அவர்கள் 'கவுன்டர் கேஸ்' கொடுப்பார்கள், அப்புறம் செருப்பால் அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே பெஞ்சில். புகாரை வைத்துக்கொண்டே பேச்சுவார்த்தைக்கும் போகலாம். தெருப் பெரியவர்கள் முன்னிலையில், அடித்தது தப்பு என்று அதே தெருவில் அவன் சொல்ல வேண்டும் என்று கேட்பதில் கிறிஸ்தவத்துக்கு விரோதமாக ஒன்றும் இல்லை. பிலிப்பியில் பவுல் கேட்டதும் அதுதானே. வழக்கு நீதிமன்றம் வரை போனாலும், சாதாரண அடிதடிக் காயத்தைச் சமரசம் செய்து முடிக்கச் சட்டத்தில் வழி உண்டு. அந்தச் சமரசத்தைச் செய்யும் உரிமை யாருக்கு என்றும் சட்டம் சொல்கிறது: காயம் பட்டவருக்கு. அப்பாவுக்கு இல்லை, தம்பிக்கு இல்லை, போதகருக்கும் இல்லை.

உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்தேன். நண்பர்கள் பேசுகிறார்கள், அம்மா பேசுகிறார், போதகர் பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள். அண்ணன் ஒரு இடத்தில்கூடப் பேசவில்லை. அவர் என்ன விரும்புகிறார் என்று யாராவது கேட்டீர்களா? நண்பர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, தெருவை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய், டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். அவர் சொல்வதை இங்கே எழுதினால், மேற்கொண்டு பேசலாம்.